குளம் நிறையக் காப்பிச் சக்கை

நீச்சல்குளத்தின் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைச் சங்கு டீச்சர் வாய்விட்டுப் படித்தாள். அவள் எதையும் வாய்விட்டுத்தான் படிப்பாள். படித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். ஆலையில் வேலை முடிந்ததும் ஊதுகிற சங்குக்கும் இவள் தொண்டைக்கும் வித்தியாசமே இல்லை என்று எப்போதோ ஒரு வாண்டு சொல்லிவைக்க, பெற்றவர்கள் வைத்த பெயர் போய் அந்தப் பெயர் நின்றுவிட்டது. தண்ணீருக்குள் தலை மூழ்கிக் கிடக்கிற பிள்ளைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தவேண்டிய நீச்சல் டீச்சர் உத்தியோகம். தொண்டை அப்படி ஆனதில் ஆச்சரியம் இல்லை.

"தண்ணீரைச் சூடாக்கும் பாய்லருக்கு எண்ணெய் கட்டுப்படியாகாதபடியால், வருகிற மாதம் முதல் குளிர்காலம் முடியும்வரை குளம் மூடப்படும். இப்படிக்கு, கமிட்டி."

அவளுக்குப் பின்னால் துண்டும் பையுமாகப் பெண்கள் நின்றிருந்தார்கள். ஊரில் அவர்களுக்கு முட்டிவலிக் கட்சி என்று பெயர். வீட்டுப் படியில் ஏறும்போது 'அம்மா', இறங்கும்போது 'ஐயோ' என்று சொல்லாமல் கால் வைக்க முடியாதவர்கள், மார்பளவு வெதுவெதுப்புத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டால் கல்யாணப் பெண்கள் மாதிரிச் சிரித்துக்கொண்டே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார்கள். கட்சித் தலைவி ஒரு தையல்காரம்மா. நாற்பது வருஷம் மிஷினை மிதித்து மிதித்து முட்டி தேய்ந்தவள்.

"அப்ப நாங்க எங்க போறது டீச்சர்?" என்றாள் அவள்.

டீச்சர் அறிவிப்பைக் கிழித்து உருட்டிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு நேரே கமிட்டித் தலைவர் வீட்டுக்கு நடந்தாள்.

தலைவர் கெட்டவர் இல்லை. மருந்துக் கடை நடத்திப் பிள்ளையிடம் விட்டுவிட்டு, ஊர்க் காரியம் என்று நாலு கமிட்டிகளில் உட்கார்ந்திருப்பவர். டீச்சரின் குரலைக் கேட்டதுமே எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

"நான் மூடல டீச்சர். எண்ணெய்தான் மூடுது. கோடையில பரவாயில்ல, வெயிலே பாதிச் சூடு பண்ணிடுது. குளிர்ல அந்த பாய்லர் குடிக்கிற எண்ணெய்க்கு நான் எங்க போவேன்?"

"வேற எதையாவது எரிச்சா?"

"எதை எரிப்பீங்க? உங்க வீட்டு மேசை நாற்காலியவா?" சிரித்தார். சிரித்த பிறகு, அவள் முகத்தைப் பார்த்து இறங்கி வந்தார். "சரி. கமிட்டிகிட்ட எண்ணெய் கேக்காம, தண்ணி இருபத்தெட்டு டிகிரியில நிக்கணும். நிக்கவெச்சுக் காட்டுங்க, நானே வந்து கதவைத் தெறந்துவிடறேன்."

அவர் வாய்ப்பேச்சுக்குச் சொன்னது. டீச்சர் அதை வாக்காக எடுத்துக்கொண்டாள்.

குளத்துக்குக் கீழே இருக்கிற பாய்லர் அறையில் அவளுடைய தம்பிதான் வேலை. அக்காவுக்கு நேர் எதிர். அக்கா ஒரு நாளில் பேசுவதை அவன் ஒரு வருஷத்தில் பேசுவான். எண்ணெயில் ஓடும் பாய்லருக்குப் பின்னால், உடைந்த மிதவைப் பலகைகளும் பிள்ளைகள் விட்டுப்போன ஒற்றைச் செருப்புகளும் குவிந்திருந்த மூலையை அவன் காட்டினான். குப்பைக்கு அடியில் இரும்புக் கதவோடு இன்னொரு பாய்லர் இருந்தது. எண்ணெய் வருவதற்கு முந்தைய காலத்தில் கரி போட்டு எரித்தது.

"ஓடுமா?" என்றாள் டீச்சர்.

"ஓட வைக்கலாம்." கொஞ்ச நேரம் கழித்துச் சேர்த்துக்கொண்டான். "கரிக்கு எங்க போவே?"

அந்தக் கேள்வியோடுதான் அவள் ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். போன இடத்தில் சம்பந்தி உட்கார்ந்திருந்தார்.

இந்தச் சம்பந்தி விவகாரத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மகளைக் கொடுத்த இடம் காப்பிக்கடைக் குடும்பம். ஊரில் அவருக்கு மூன்று கடைகள், கொட்டை வறுக்கிற கொட்டகை ஒன்று. கையிலும் சட்டையிலும் வறுத்த வாசனை மாறாத மனிதர். கல்யாணத்தன்று மைக்கைப் பிடித்துப் பேசியவர், வந்தவர்களைச் சிரிக்கவைக்கிற உற்சாகத்தில், "எங்க சம்பந்தியம்மாவுக்குக் குளத்துல குதிக்கிறது உத்தியோகம். தவளைக்கும் அதான் உத்தியோகம், ஆனா தவளைக்குச் சம்பளம் கிடையாது" என்று சொல்லிவிட்டார். மண்டபமே சிரித்தது. டீச்சரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து மூன்று வருஷமாக அவர் கடைப் படியை அவள் மிதிக்கவில்லை. அது போதாதென்று, காப்பி குடிப்பதையே விட்டுவிட்டாள். முதல் பத்துப் பதினைந்து நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. வைராக்கியம் என்று வந்துவிட்டால் மண்டையாவது ஒன்றாவது.

சாப்பாட்டு மேசையில் சம்பந்தி மகனிடம் புலம்பிக்கொண்டிருந்தார். கடைகளில் மிஞ்சுகிற காப்பிச் சக்கையைக் குப்பை வண்டிக்காரர்கள் எடுக்க மாட்டேன் என்கிறார்களாம். ஈரத்தோடு பை கனக்கிறது, வழியெல்லாம் ஒழுகுகிறது என்கிறார்களாம். கொட்டகைக்குப் பின்னால் சேர்த்து வைத்தால் புளித்த நாற்றம். பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார்.

"அது மட்டுமா," என்றாள் மகள், அம்மாவின் தட்டில் பரிமாறிக்கொண்டே. "போன வாரம் ஒரு தொட்டியில சக்கை காஞ்சு கெடந்திருக்கும்மா. வறுக்கிற மிஷின்லேர்ந்து ஒரு பொறி பறந்து விழுந்து, அது பாட்டுக்குப் பத்திக்கிச்சு. தண்ணி ஊத்தி அணைக்கிறதுக்குள்ள உயிர் போய் உயிர் வந்துச்சு."

"தொட்டி வளைஞ்சுபோச்சு," என்றார் சம்பந்தி யாரையும் பார்க்காமல். "இரும்புத் தொட்டி. என்னா சூடு."

டீச்சரின் கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

அன்று இரவு முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தாள். காலையில் கண்ணாடி முன் நின்று தலையை வாரிக்கொண்டு, மானம் ரோஷம் எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டு, சம்பந்தியின் பெரிய கடைக்குப் போனாள். கல்லாவில் இருந்தவர் அவளைக் கண்டதும் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார்.

"வாங்க சம்பந்தியம்மா. உக்காருங்க. டேய், ஒரு ஸ்ட்ராங் காப்பி."

"காப்பி வேணாம். சக்கை வேணும்."

"என்னது?"

"சக்கை. குடிச்சு முடிச்சு மிஞ்சுற சக்கை. இருக்கிறது பூரா வேணும். இனிமே வர்றதும் வேணும்."

கடையில் இருந்த அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. அவளால் மெதுவாகப் பேச முடியாதே. சம்பந்தி கல்லாவை மூடிவிட்டு வெளியே வந்து, எதற்கு என்று கேட்டார். சொன்னாள். அவர் மோவாயைத் தடவிக்கொண்டார். கிண்டல் ஏதாவது வரும் என்று டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"எடுத்துட்டுப் போங்க," என்றார். "என் வேனையும் எடுத்துக்குங்க. ஆனா அப்படியே எரியாது. காஞ்சாத்தான் எரியும்."

அவர் சொன்னதைத் தம்பி கேட்கவில்லை. பழைய பாய்லரை ஒரு வாரமாகத் தேய்த்து, குழாயெல்லாம் குடைந்து சுத்தம் பண்ணி, புகை கசியாமலிருக்கக் கதவைச் சுற்றிப் புதுக் கயிற்று அடைப்பு வைத்து, விறகு போட்டு நெருப்பும் மூட்டிவிட்டிருந்தான். "நெருப்பு நல்லா இருந்தா ஈரமும் எரியும்" என்று நாலு மண்வெட்டி ஈரச் சக்கையை அள்ளி உள்ளே வீசினான். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு புகைபோக்கியிலிருந்து எருமை நிறத்தில் ஒரு புகை எழும்பி, மேலே போக மனசில்லாமல் தெருவில் இறங்கி உட்கார்ந்தது. கொடியில் காய்ந்த துணியெல்லாம் பழுப்பாகிவிட்டது. எதிர்வீட்டுக்காரர் படுக்கை விரிப்பைத் தூக்கிக்கொண்டு வந்து டீச்சர் முன்னால் விரித்துக் காட்டினார். நெருப்பு எப்போதோ அணைந்துபோயிருந்தது.

"காயணும்," என்றான் தம்பி, முகமெல்லாம் கரியோடு.

குளிர் ஊரில், வானம் பாதி நாள் மூடிக் கிடக்கிற மாதத்தில், மூட்டை மூட்டையாக வரும் ஈரச் சக்கையை எங்கே காயவைப்பது? தெருவில் போட்டால் மழை. வீட்டில் போட்டால் மூன்றாம் நாள் வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சை. டீச்சர் யோசித்து யோசித்து, காலியான குளத்தின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். மாதம் பிறந்ததும் குளத்தை மூடித் தண்ணீரை வடித்துவிட்டதால் நீலக் கற்கள் பதித்த பள்ளம் வெறுமனே கிடந்தது. தலைக்கு மேலே கண்ணாடிக் கூரை. வெளியே உதடு வெடிக்கிற காற்று அடித்தாலும், மத்தியானம் எட்டிப் பார்க்கிற கொஞ்ச வெயிலைப் பிடித்து வைத்துக்கொண்டு உள்ளே கதகதவென்று இருந்தது. கோட்டைக் கழற்றினால்கூடத் தேவலை என்றிருந்தது.

கோட்டைக் கழற்றினாள். கழற்றிய கையோடு எழுந்து நின்று, அந்தக் கட்டடமே எதிரொலிக்கத் தம்பியைக் கூப்பிட்டாள்.

மறுநாள் குளத்தின் அடியில் கட்டடக்காரர்களிடம் கேட்டு வாங்கிய பிளாஸ்டிக் விரிப்புகளைப் பரப்பினார்கள். அதன்மேல் சம்பந்தியின் வேன் கொண்டுவந்து கொட்டிய சக்கையை விரலளவு உயரத்துக்கு நிரவினார்கள். அடிக்கடி கிளறிவிட வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். யார் கிளறுவது என்று டீச்சர் கவலைப்படவே வேண்டியிருக்கவில்லை. முட்டிவலிக் கட்சி ஆளுக்கொரு சருகு வாரியோடு வந்து நின்றது.

"தண்ணியிலதானே நடக்க முடியல," என்றாள் தையல்காரம்மா. "சக்கையிலயாவது நடக்கிறோம். மெத்து மெத்துன்னு இருக்கு, கால் வலிக்கல."

கமிட்டித் தலைவருக்கு யாரோ போட்டுக் கொடுத்து, அவர் மூச்சு வாங்க ஓடிவந்தார். குளம் நிறையக் கறுப்பாகக் கிடப்பதையும், அதற்குள் வாரியோடு வரிசையாக நடக்கிற பெண்களையும் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"குளத்துல என்ன சேறு?"

"காப்பி," என்றாள் டீச்சர்.

"காப்பியா?"

"குடிச்ச காப்பி. காயட்டும், அப்புறம் எரிச்சுக் காட்டறேன். நீங்க சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உள்ளேயிருந்து பத்துப் பன்னிரண்டு முகங்கள் அவரையே பார்ப்பதைக் கண்டு, வாயை மூடிக்கொண்டு போய்விட்டார்.

காய்ந்த சக்கையும் லேசில் வசத்துக்கு வரவில்லை. தூளாகப் போட்டால் பாய்லருக்குள் இருந்த கம்பித் தட்டின் சந்துகளில் ஒழுகிக் கீழே விழுந்தது, இல்லாவிட்டால் மொத்தமாக அப்பிக்கொண்டு காற்றுப் போகாமல் நெருப்பை அமுக்கியது. கட்டியாக்க வேண்டும் என்று புரிந்தது. உருட்டினால் உதிர்ந்தது. தச்சுப்பட்டறையிலிருந்து மரத்தூள் கொண்டுவந்து கலந்தார்கள், அப்போதும் உதிர்ந்தது. கடைசியில் பழைய செய்தித்தாளை ஊறவைத்துக் கூழாக்கிச் சேர்த்து, லாரி ஜாக்கி ஒன்றை இரும்புச் சட்டத்துக்குள் நிறுத்தித் தம்பி செய்த அச்சில் வைத்து அழுத்தியபோது, செங்கல் மாதிரி ஒன்று வெளியே வந்தது. தம்பி அதைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்தான். தரையில் போட்டுப் பார்த்தான். உடையவில்லை. அவன் சிரித்து அக்கா பார்த்துப் பல காலம் ஆகியிருந்தது.

கட்டிகளுக்குள் மிச்சமிருந்த ஈரத்துக்கு வழி சொன்னவர் சம்பந்தி. கொட்டை வறுக்கிற மிஷினிலிருந்து வீணாகப் போகிற சூட்டுக் காற்றை ஒரு தகரக் குழாயில் திருப்பி, அடுக்கு அடுக்காகத் தட்டுகள் வைத்த ஓர் அறைக்குள் விட்டார். காலையில் உள்ளே வைத்த கட்டி சாயங்காலம் கல்லாக வெளியே வந்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு அவர் தினமும் குளத்துக்கு வர ஆரம்பித்தார். முதலில் வாசலில் நின்றார். பிறகு ஓரத்தில் உட்கார்ந்தார். ஒருநாள் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு வாரியோடு குளத்துக்குள் இறங்கிவிட்டார்.

டீச்சர் ஒரு கோடியிலிருந்தும் அவர் மறு கோடியிலிருந்தும் வாரிக்கொண்டு வந்ததில், நடுவில் சந்திக்கவேண்டியதாயிற்று.

"சம்பந்தியம்மா," என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. "அன்னைக்குக் கல்யாணத்துல நான் பேசினது தப்பு. ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன்."

டீச்சர் வாரியை ஊன்றி நின்றாள். "மைக்குல பேசினீங்க."

"ஆமா."

"மண்டபமே கேட்டுச்சு. இப்ப என் காதுக்குள்ள சொல்றீங்க."

அவருக்குக் காது சிவந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். அது இளகுகிற மாதிரித் தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, குளத்தின் நடுவில் நின்று, கண்ணாடிக் கூரை வரைக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொன்னார். "எங்க சம்பந்தியம்மா உத்தியோகத்தை நான் கேவலமா பேசிட்டேன். அது தப்பு. அவங்க செய்யற வேலைய நான் தலைகீழா நின்னாலும் செய்ய முடியாது. எல்லாரும் கேட்டுக்குங்க."

முட்டிவலிக் கட்சி வாரிகளை நிறுத்திவிட்டுக் கேட்டது. தையல்காரம்மா, "எங்களுக்குக் காது நல்லாத்தான் இருக்கு, முட்டிதான் போச்சு," என்றாள். சிரிப்பு கிளம்பியது. இந்தத் தடவை டீச்சரின் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

அன்று சாயங்காலம் அவர் கடைக்குப் போய், மூன்று வருஷத்துக்குப் பிறகு, ஒரு காப்பி வாங்கிக் குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். எத்தனை நாள் வீணாகப் போய்விட்டது என்று இருந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இந்தச் சக்கையும் நம்மளுதுதானே?" என்றாள்.

மூன்று கடைச் சக்கை போதாது என்பது சீக்கிரமே தெரிந்துபோயிற்று. அடுக்கி வைத்த கட்டிகளைத் தம்பி பார்த்தான், குளத்தைப் பார்த்தான், தலையை ஆட்டினான். சம்பந்தி தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஜென்மப் பகையாளியான எதிர்க்கடைக்காரரிடமே முதலில் போனார். அங்கே என்ன பேசினார், எவ்வளவு கெஞ்சினார் என்பது யாருக்கும் தெரியாது. திரும்பும்போது வேனில் மூட்டைகள் இருந்தன. பிறகு ரயில் நிலையக் கேன்டீன், ஆஸ்பத்திரி, இரண்டு அலுவலகங்கள் என்று வாளிகள் வைத்தார்கள். நீச்சல் பழகுகிற பிள்ளைகளின் தாய்தகப்பன்மார்கள் வேலைக்குப் போகும் வழியில் வாளியைத் தூக்கிவந்து வைத்துவிட்டுப் போனார்கள். பஸ்ஸில் யாராவது காப்பி வாசனையோடு ஏறினால், "குளத்துக்கா?" என்று கண்டக்டர் கேட்பது வழக்கமாகிவிட்டது.

பாய்லரைச் சோதிக்கிற அதிகாரி வந்தார். சுத்தியலால் தட்டிப் பார்த்தார், அழுத்தம் ஏற்றிப் பார்த்தார், ஆவி வெளியேறுகிற வால்வை மாற்றச் சொன்னார். மாற்றியதும் கையெழுத்துப் போட்டார். போகும்போது ஒரு கட்டியை எடுத்து முகர்ந்து பார்த்து, "வீட்டுல காட்டறதுக்கு ஒண்ணு எடுத்துக்கவா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

குளத்தைக் கழுவி, விரிப்புகளை அலசி மடித்து வைத்து, தண்ணீர் விட்டார்கள். பனிக்கட்டி உருகின மாதிரித் தண்ணீர். தம்பி அடுப்பை மூட்டினான். முதலில் விறகு, அது பிடித்ததும் காப்பிக் கட்டி. இரும்புக் கதவின் சிறு துளை வழியாக டீச்சர் எட்டிப் பார்த்தாள். கட்டிகள் அவசரமே இல்லாமல், ஆரஞ்சு நிறத்தில், உள்ளிருந்தே கனிந்துகொண்டிருந்தன. வெளியே ஓடிப்போய்ப் புகைபோக்கியைப் பார்த்தாள். புகையே இல்லை. காற்றுதான் அதன் வாயில் நடுங்கிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுக்காரரும் மேலே பார்த்தார், தன் கொடியைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

தண்ணீர் சூடேறியது. ஏறிக்கொண்டே வந்து, இருபத்திரண்டில் நின்றது.

ஒரு பகல் முழுக்கத் தம்பி கட்டி கட்டியாகப் போட்டான். இருபத்திரண்டுதான். சுவரை ஒட்டி ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்த கட்டிகள் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டன. கமிட்டித் தலைவர் வெப்பமானியைப் பார்த்துவிட்டு, "பாவம், இவ்வளவு தூரம் வந்துட்டீங்க," என்றார். கேலியாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அதுதான் டீச்சருக்கு இன்னும் சுருக்கென்றது.

"இன்னும் ரெண்டு நாளைக்குத்தான் கட்டி வரும் அக்கா," என்றான் தம்பி.

டீச்சர் குளத்தில் இறங்கினாள். குளிர் கெண்டைக்காலைப் பிடித்து இழுத்தது. மூழ்கினாள். முப்பது வருஷமாக அவளுக்கு எது புரியாவிட்டாலும் தண்ணீருக்குள் போனால்தான் புரியும். அடியில் சூட்டு நீர் வந்து விழும் வாய்க்கு நேரே கையைக் காட்டினாள். நன்றாகச் சுட்டது. மேலே வந்தாள். தலை வெளியே வந்ததும் காதும் கன்னமும் விறைத்தன. தண்ணீரின் மேல் தோலிலிருந்து வெள்ளையாக, மெல்லிசாக, ஆவி எழும்பிக் கூரைக்குப் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடி முழுக்க வியர்த்து, சொட்டிக்கொண்டிருந்தது.

தம்பி கீழே போடுகிற நெருப்பெல்லாம் மேலே ஆவியாகி ஓடுகிறது. ஈர உடம்போடு கரையில் நிற்கிற பிள்ளை நடுங்கினால் முதல் வேலையாக என்ன செய்வாள்? துண்டைச் சுற்றுவாள்.

"டேய்," என்று தண்ணீருக்குள்ளிருந்தே கத்தினாள். "குளத்துக்குத் துண்டு போத்தணும்டா."

தம்பி விழித்தான். சம்பந்திக்குத்தான் முதலில் விளங்கியது. "கீழ விரிச்சிருந்தோமே, அந்த பிளாஸ்டிக்," என்று சொல்லிக்கொண்டே கிடங்குக்கு ஓடினார். தையல்காரம்மா வீட்டிலிருந்து தடித்த ஊசியும் மீன்பிடிக்கிற நரம்பும் வந்தன. முட்டிவலிக் கட்சி கரையில் வரிசையாக உட்கார்ந்து விரிப்போடு விரிப்பை மூட்டித் தைத்தது. நடுவில் நெளிந்து மூழ்காமலிருக்கப் பிள்ளைகள் பழகுகிற மிதவைப் பலகைகளைச் சேர்த்துக் கட்டினார்கள். டீச்சர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நீந்தி அக்கரைக்கு இழுத்தாள். குளம் தலையிலிருந்து கால்வரை போர்த்திக்கொண்டது. கூரைக் கண்ணாடியில் சொட்டுவது நின்றது.

மறுநாள் காலையில் இருபத்துநாலு. அதற்கு மறுநாள் இருபத்தேழு. தம்பி இரண்டு கட்டி போடுகிற இடத்தில் ஒன்றுதான் போட்டான்.

மூன்றாம் நாள் காலையில் தலைவருக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் வந்து சேருவதற்குள் வாசலிலிருந்து தெருமுனை வரை கூட்டம் நின்றது. துண்டைத் தோளில் போட்ட பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், சம்பந்தியும் எதிர்க்கடைக்காரரும், கேன்டீன்காரர், வேலையை விட்டுவிட்டு வந்த பஸ் கண்டக்டர். முன்வரிசையில் முட்டிவலிக் கட்சி. அவர்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் போக யாருக்கும் தைரியம் வரவில்லை.

போர்வையைச் சுருட்டினார்கள். தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, குனிந்து, வெப்பமானியைத் தண்ணீரில் விட்டார். எடுத்தார். மறுபடி விட்டார். பிறகு அதை ஓரமாக வைத்துவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டி முழங்கை வரைக்கும் தண்ணீரில் விட்டுப் பார்த்தார். வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை.

"எவ்வளவுங்க?" என்று வெளியிலிருந்து யாரோ கேட்டார்கள்.

"இருபத்தொன்பது," என்றார். சொல்லிவிட்டு நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார். "ஒண்ணு கூடவே இருக்கு டீச்சர்."

சொன்ன வாக்குப்படி அவரே நடந்து போய், இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து, ஓரமாக ஒதுங்கி நின்றார்.

அதன்பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. தையல்காரம்மா படியில் கால் வைத்தாள், 'அம்மா' என்று சொல்ல வாயைத் திறந்தவள் சொல்லாமலே இறங்கினாள். மார்புவரை தண்ணீர் ஏறியதும் திரும்பி, மற்றவர்களைப் பார்த்து, "வாங்கடி," என்றாள். அதற்கப்புறம் யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பிள்ளைகள் தவளைக் கூட்டம் மாதிரிக் குதித்தார்கள். தண்ணீர் கரை தாண்டி வழிந்து சம்பந்தியின் புதுக் காலணியை நனைத்தது. அவர் காலை நகர்த்தவில்லை. எதிர்க்கடைக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு, "நம்ம சக்கைங்க, நம்ம சக்கை," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் கரையில் இப்படியும் அப்படியும் ஓடினாள். "காலை நீட்டு, மூச்சை விடு, யாரது தலையில ஏறுறது" என்று அவள் போட்ட சத்தம் ஆலைச் சங்கையும் அமுக்கியிருக்கும். கட்டடமே சிரிப்பும் கூச்சலுமாக அதிர்ந்தது.

வெளியே அன்று அந்தக் குளிர்காலத்தின் முதல் பனி விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடிக் கூரையில் விழுந்த மாத்திரத்தில் உருகி ஓடியது.

அந்தக் குளிர்காலம் முழுக்கக் குளம் ஒரு நாளும் மூடவில்லை. புதிதாக வந்த சக்கை சம்பந்தியின் சூட்டுக் காற்று அறையில் காய்ந்தது. அடுத்த ஊரிலிருந்து கமிட்டிக்காரர்கள் வந்து பாய்லரைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். தம்பி அவர்களுக்கு அச்சை இயக்கிக் காட்டினான். ஒரு மணி நேரம் விடாமல் பேசினான் என்று கேள்விப்பட்டு அக்காவே நம்பவில்லை. ஜாக்கியை இறக்குவது எப்படி, கூழ் எவ்வளவு, மரத்தூள் எவ்வளவு, எதைச் செய்தால் தெரு முழுக்கப் புகை பிடிக்கும் என்பது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னானாம்.

திறந்த அன்றைக்கு மத்தியானம், கூட்டமெல்லாம் பசிக்கு வீடு போய்ச் சேர்ந்த பிறகு, டீச்சர் மட்டும் மிஞ்சினாள். தண்ணீர் அலையடங்கிக் கிடந்தது. விசிலைக் கழற்றிப் பலகையில் வைத்தாள். யாருக்கும் கற்றுக்கொடுக்காமல், யாரையும் கூப்பிடாமல், அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை தனக்காக ஒருமுறை நீந்தினாள். பாதி வழியில் மல்லாந்து, கையையும் காலையும் விட்டுவிட்டு, மிதந்தாள். வெதுவெதுப்பு முதுகைத் தாங்கிக்கொண்டது. இத்தனை பெரிய உடம்பு இறகு மாதிரி இருந்தது.

பாய்லர் அறைப் படியிலிருந்து தம்பியின் தலை எட்டிப் பார்த்தது.

"போதுமா அக்கா, இன்னும் போடவா?"

"போடுடா," என்றாள், கண்ணைத் திறக்காமல்.